நள்ளிரவில் கூடும் பூ மார்க்கெட். 60 ரூபாயில் வயிறார ஒரு சாப்பாடு!

இரவு 1 மணி. மெஜஸ்டிக்கில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. சிக்பேட்டையில் ஜவுளிக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கி வெகு நேரம் ஆகிறது. அவென்யூ ரோட்டில் பகலில் கால் வைக்க இடம் இருக்காது. இப்போது நாய்களைத் தவிர யாரும் இல்லை. ஆனால் அதே ரோட்டில் நேராகத் தெற்கே நடந்து போனால், கடைசியில் ஒரு வாசனை முகத்தில் வந்து மோதும். மல்லிகை, செவ்வந்தி, மரிக்கொழுந்து, அழுகிய வாழை இலை, லாரிப் புகை எல்லாம் கலந்த வாசனை.

அதுதான் கே.ஆர். மார்க்கெட். நம் ஆட்கள் வாயில் இன்றும் "சிட்டி மார்க்கெட்".

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் இந்த மார்க்கெட்டைத் தெரியாதவர் இருக்க முடியாது. தர்மபுரியில் இருந்தோ, சேலத்தில் இருந்தோ வந்து பக்கத்தில் உள்ள கலாசிபாளையத்தில் இறங்கி, டிரங்கு பெட்டியோடு முழித்துக்கொண்டு நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் நமக்குத் தெரிந்தது பகல் மார்க்கெட். இரவு மார்க்கெட் வேறு. அங்கே வியாபாரம் வேறு, ஆட்கள் வேறு, சாப்பாடும் வேறு.

எனக்கு அது பழக்கமானதற்குக் காரணம் என் வேலை. ரெயில்வேயில் எழுத்தர் உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட். இரவு வேலை பார்ப்பவனுக்கு இந்த நகரத்தில் உள்ள பெரிய தொல்லை தூக்கம் அல்ல, சாப்பாடு. ஒன்பது மணிக்குச் சாப்பிட்டது இரண்டு மணிக்குக் கரைந்துவிடும். அதன் பிறகு கிடைப்பது டீயும் பன்னும்தான். அல்லது செல்போனில் சொன்னால் வீடு தேடி வரும் பிரியாணி. ஒரு பொட்டலம் வாங்கினால் அரை நாள் சம்பளம் போயிற்று!

ஆகவே ஷிப்ட் மாறும் நாட்களில் சிட்டி ஸ்டேஷனில் இருந்து காட்டன்பேட்டை வழியாக நடப்பேன். அரை மணி நேர நடை.

முதல் விளக்கு எரிந்த இடம்

இந்த மார்க்கெட் நிற்கும் இடத்துக்குக் கதை உண்டு. ஒரு பக்கம் கெம்பேகவுடர் 1537-ல் உருவாக்கிய பேட்டை. மறு பக்கம் கோட்டை. நடுவில் உள்ள மேடு பள்ளத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் பிரபுவின் பட்டாளம் முதலில் பேட்டையையும், இரண்டு வாரம் கழித்துக் கோட்டையையும் பிடித்தது இந்த வட்டாரத்தில்தான். கோட்டையின் ஒரு வாசல் மட்டும் இன்றும் மார்க்கெட்டுக்கு எதிரே நிற்கிறது. அதன் சுவர் ஓரத்தில் தள்ளுவண்டிக்காரர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். 1928-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பெயரில் மார்க்கெட் அமைந்தது.

அதற்கு முன்பே இன்னொரு சங்கதி. 1905 ஆகஸ்டு 5-ந் தேதி பெங்களூரில் முதல் மின்சாரத் தெரு விளக்கு எரிந்தது இந்தச் சுற்று வட்டாரத்தில். ஆசியாவிலேயே முதல் விளக்கு என்று சிலர் மார்தட்டுவார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது வேறு. சிவனசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த அந்த மின்சாரம் மைசூர் அரண்மனைக்கும் பெங்களூர் பெரிய மனிதர்களுக்கும் போவதற்கு முன்பு, 1902-லேயே சுமார் 147 கிலோ மீட்டர் கம்பி வழியாகக் கோலார் தங்க வயலுக்குத்தான் போயிற்று. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் நம்மவர்கள். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அவர்களுடைய பேரன்மார்கள் இன்று விடியற்காலை ரெயிலில் கூட்டம் கூட்டமாகப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தால் அந்த முகங்கள் தினமும் தெரியும்.

பத்தும் ஹத்தும்

நள்ளிரவு தாண்டியதும் வண்டிகள் வரத் தொடங்கும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் இருந்து ஒரு வரிசை. கோலார், மாலூர், சிக்கபள்ளாப்பூர் பக்கத்தில் இருந்து இன்னொரு வரிசை. செவ்வந்தி, சாமந்தி மூட்டைகளை வண்டியில் இருந்து தள்ளிவிடுவார்கள். ரோஜாவை மட்டும் கூடையோடு கையில் வாங்குவார்கள். கனகாம்பரம் என்றால் மரியாதை இன்னும் அதிகம். அதற்குத் துணி சுற்றி, தண்ணீர் தெளித்து, கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போகிறார்கள். வரமகாலட்சுமி விரதத்துக்கு முந்தின இரவில் கனகாம்பரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போவது சாதாரணம்.

விலை நின்ற இடத்தில் நிற்காது. மூன்று மணிக்கு ஒரு விலை, ஐந்து மணிக்கு ஒரு விலை. மழை தூறினால் வேறு விலை. நனைந்த பூ பகலைத் தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும். கோவில்களுக்கு மாலை கட்டுகிறவர்கள் முதல் ஆட்டத்தில் வந்து நல்ல சரக்கை எடுத்துவிடுவார்கள். தெரு ஓரத்தில் முழம் போட்டு விற்கும் பெண்கள் விலை இறங்கும்வரை ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே மண்டிக்காரர் விலையைப் பிடித்து வைத்திருப்பார். யாருக்குப் பொறுமை அதிகம் என்று பார்க்கும் போட்டி அது. பாதி நாள் பெண்கள்தான் ஜெயிக்கிறார்கள்.

இங்கே எந்த மொழியில் பேசுகிறார்கள்? எல்லா மொழியிலும். பூ என்று நாம் சொல்வதை அவர்கள் ஹூவு என்கிறார்கள். பால் என்றால் ஹாலு. பத்து என்றால் ஹத்து. ஆறு என்றால் ஆறுதான். ஒரு முழம் என்றால் மொள. இரண்டு கையையும் விரித்து அளந்தால் அது ஒரு மாரு. இந்த நாலு சொல்லும் எண்ணிக்கையும் தெரிந்தவன் ராத்திரி முழுவதும் வியாபாரம் பண்ணலாம். 1991-லும் 2016-லும் காவிரித் தகராறில் இந்த நகரம் பட்ட பாடு நமக்குத் தெரியும். நம்மவர்கள் பலர் அப்போது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். அந்தக் கலவரம் ஓய்ந்த பிறகு இங்கே மறுபடி கடை விரித்தவர்களில் தமிழ்க்காரரும் உண்டு, கன்னடக்காரரும் உண்டு. பூ ஒரு நாளைக்கு மேல் காத்திருக்காது என்பதால் பகையும் இங்கே அதிக நாள் காத்திருக்க முடியவில்லை போலிருக்கிறது.

பூவோடு நமக்குள்ள உறவு இன்னும் பழையது. பேட்டைப் பகுதியில் திகளர் என்று ஒரு சமூகத்தார் இருக்கிறார்கள். தோட்ட வேலையில் கைதேர்ந்தவர்கள். முன்னோர் தமிழ்ப் பகுதியில் இருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். வீட்டில் பேசும் பேச்சிலும் தமிழ் கலந்திருக்கிறது. சித்திரைப் பவுர்ணமி இரவில் தர்மராயர் கோவிலில் இருந்து புறப்படும் கரகம் இவர்களுடையது. தலையில் மல்லிகையால் மூடிய கரகத்தைச் சுமந்து வருபவர் பேட்டைத் தெருக்களை இரவெல்லாம் சுற்றி வருவார். காட்டன்பேட்டையில் உள்ள மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போகும். இந்து, முஸ்லிம் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒருமுறையாவது விடிய விடிய இருந்து பாருங்கள்.

மூன்று மணிப் பசி

இனி சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம்.

மூன்று, மூன்றரை மணிக்கு மூட்டை இறக்கும் வேலை ஒரு கட்டத்துக்கு வரும். சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுமைக்காரர்கள் கலையத் தொடங்குவார்கள். எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். வெளிச்சம் நிறைந்த மெயின் ரோட்டுக் கடைகளுக்கு அவர்கள் போவதில்லை. கலாசிபாளையம் போகும் வழியில் ஒரு சந்து. அதில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு ஓட்டல். இரண்டு பெஞ்சு, சுவரோரமாக நின்று சாப்பிட ஒரு பலகை. கல்லாவில் மண்டியா பக்கத்துப் பெரியவர். உள்ளே அண்டாவில் களி கிண்டுபவர் நம் பென்னாகரத்துக்காரர்.

களி என்றால் இங்கே ராகி முத்தே. கொதிக்கிற தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு பந்து மாதிரி உருட்டி வைக்கிறார்கள். அந்த மனிதர் கிண்டும்போது தோளில் இருந்து இடுப்புவரை உடம்பு முழுவதும் வேலை செய்கிறது. அது ஒரு மூட்டை தூக்குவதற்குச் சமம்.

அதற்கு ஊற்றுவது பஸ்ஸாரு. கீரையும் பருப்பும் வேக வைத்து, அந்தத் தண்ணீரை வடித்து, அந்த வடிநீரிலேயே மசாலா அரைத்துப் போட்டுச் செய்கிற சாறு. வடித்து எடுத்த கீரையையும் பருப்பையும் தாளித்துப் பக்கத்தில் பல்யாவாக வைத்துவிடுகிறார்கள். எதையும் வீணாக்காத சமையல். ஒரு முத்தே, பஸ்ஸாரு, பல்யா, கொஞ்சம் சோறு, ஒரு டம்ளர் மோர். எல்லாம் சேர்த்து 60 ரூபாய். சாறு எத்தனை தடவை கேட்டாலும் ஊற்றுகிறார்கள். இன்னொரு முத்தே வேண்டுமானால் 20 ரூபாய்.

களியைப் பல்லில் கடிக்கக் கூடாது. பிய்த்து, சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். இதை நான் கிருஷ்ணகிரி, தர்மபுரி வாசகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தஞ்சாவூர், திருநெல்வேலிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். முதல் தடவை மென்று பார்த்துவிட்டுப் பல்லில் ஒட்டிக்கொண்டது என்று ஓடி வந்தவர்கள் எங்கள் ஆபீசிலேயே இருக்கிறார்கள்!

"இங்கே வந்தும் களியா?"

போன மாதம் ஒரு இரவு. அந்த ஓட்டல் வாசலில் ஒரு வாக்குவாதம். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், இருபது வயதுகூட இருக்காது. மாலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கூடையைத் தூக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான் என்று ஒரு வயதான சுமைக்காரர் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். பெரியவருக்கு அறுபது வயது இருக்கும். அரூர்ப் பக்கம். இந்த மார்க்கெட்டில் முப்பது வருடமாக மூட்டை தூக்குகிறார்.

பையன் உள்ளே வர மறுத்தான். "எனக்குப் பசி இல்லைண்ணா. டீ குடிச்சேன்."

"எத்தனை டீடா குடிச்சே?"

"நாலு."

பெரியவர் கல்லாக்காரரைப் பார்த்துக் கன்னடத்தில் என்னவோ சொன்னார். தட்டு வந்தது. தட்டில் இருந்த உருண்டையைப் பார்த்ததும் பையன் முகம் மாறிவிட்டது. "களியா? இதைத் தின்ன முடியாமத்தானே ஊரை விட்டு ஓடி வந்தேன். இங்கே வந்தும் களியா?" என்றான்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "சோறு தின்னா அஞ்சு மணிக்கு மறுபடி பசிக்கும். இது பத்து மணி வரைக்கும் நிக்கும். இன்னும் எட்டு மூட்டை இருக்கு. தின்னுட்டுப் பேசு" என்றார்.

பையன் தின்றான். தலையைத் தூக்காமல் தின்றான்.

பிறகு பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். சம்பளத்தில் பெரும் பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அக்கா கல்யாணக் கடன். முன்பு என்றால் மணியார்டர் போக நாலு நாள் ஆகும். இப்போது செல்போனைத் தட்டினால் அடுத்த நிமிடம் அப்பா கணக்கில் பணம். அதனால் ஒரு சவுகரியம், ஒரு ஆபத்து. கையில் பணம் தங்குவதே இல்லை. சாப்பாட்டுக்கு என்று ஒதுக்கியதையும் ஒரு போன் வந்தால் அனுப்பிவிடுகிறான். அதனால் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு டீயில் ஓட்டிக்கொண்டிருந்தான். "மிச்சம் பிடிக்கிறேன் சார்" என்றான்.

எனக்குக் கணக்கு எழுதிப் பழக்கம். அவன் எதிரிலேயே பொட்டலத் தாளில் எழுதினேன். நாலு டீ 12 ரூபாய் வீதம் 48. இரண்டு பன் 20. இரண்டு போண்டா 20. ஆக மொத்தம் 88 ரூபாய். இந்தச் சாப்பாடு 60, ஒரு டீ 12, ஆக 72. பட்டினி கிடந்து அவன் ஒரு நாளைக்கு 16 ரூபாய் கூடுதலாகச் செலவழித்துக்கொண்டிருந்தான். மாதத்துக்கு 480 ரூபாய்! தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இது அந்தப் பையன் ஒருவனுடைய கதை இல்லை. கட்டிட வேலைக்கு வந்தவர்கள், செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்கள், ரெயில்வேயில் எங்களோடு ஒப்பந்தக் கூலியாக வேலை செய்பவர்கள் எல்லாரிடமும் இந்தப் பழக்கம் உண்டு. டீக்குக் கொடுக்கிற 12 ரூபாய் கண்ணுக்குச் செலவாகத் தெரிவதில்லை. சாப்பாட்டுக்குக் கொடுக்கிற 60 ரூபாய் பெரிதாகத் தெரிகிறது. அதோடு களி என்றால் ஒரு கூச்சம். ஊரில் அரிசிச் சோறு சாப்பிடுபவன் வசதிக்காரன், களி சாப்பிடுபவன் இல்லாதவன் என்று வளர்ந்துவிட்டோம். நாட்டிலேயே அதிகமாகக் கேழ்வரகு விளைவது இந்தக் கர்நாடகத்தில்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது ஜெயநகரில் கார் வைத்திருப்பவர்கள் டாக்டர் சொன்னார் என்று இதே முத்தேயைப் பல மடங்கு விலை கொடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

நாக்குக்கு ஒரு தெரு

மார்க்கெட்டில் இருந்து கொஞ்ச தூரத்தில் விசுவேசுவரபுரம் சஜ்ஜன்ராவ் சர்க்கிள் பக்கம் தின்பண்டத் தெரு என்று ஒன்று இருக்கிறது. சாயந்திரம் கூடி, இரவு பத்து, பதினொரு மணிவரை நடக்கும். ஒப்பட்டு, மசால் தோசை, பஜ்ஜி, குல்கந்து என்று ஒரு சர்க்கஸ் கூட்டம். மார்கழி, தை மாதங்களில் மொச்சை சீசன் வந்தால் அதிலேயே வடையும், தோசையும், இனிப்பும்கூடச் செய்துவிடுவார்கள். ஊரில் இருந்து மச்சான், மாமனார் வந்தால் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வயிறு நிரம்புவதற்குள் பர்ஸ் காலியாகிவிடும். நாக்கு ருசிக்குப் போகலாம், பசிக்குப் போக வேண்டாம்.

பகலில் சிக்கனமாகச் சாப்பிடத் தர்ஷினிகள் இருக்கின்றன. 1983-ல் ஜெயநகரில் தொடங்கிய முறை இது. உட்கார நாற்காலி இல்லை, சப்ளையர் இல்லை, டோக்கன் வாங்கி நின்றபடியே சாப்பிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு காபியை இரண்டாகப் பங்கிட்டு "பை டூ" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் தருவது இந்த ஊரின் நல்ல குணம். அரசாங்க இந்திரா கேன்டீன்கள் 2017-ல் திறந்தபோது காலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். அதற்கு முன்மாதிரி 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம். இரண்டும் ஏழைகள் வாழ்த்துகிற திட்டங்கள். ஆனால் இரண்டும் திறப்பது பொழுது விடிந்த பிறகு. இரவெல்லாம் மூட்டை தூக்கியவனுக்குப் பசிப்பது மூன்று மணிக்கு. அந்த நேரத்துக்கு ஒரு கேன்டீன் இங்கே திறந்தால், முதல் நாளே வரிசை நிற்கும்.

சாப்பிடாத பெண்கள்

அந்தச் சந்து ஓட்டலில் நான் பெண்களைப் பார்த்தது மிகக் குறைவு. மார்க்கெட்டில் பூ வாங்க வரும் பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். சூளகிரி பக்கத்தில் பிறந்து, பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவர். பனசங்கரியில் பூக்கடை. வாரத்தில் ஆறு நாள் மூன்று மணிக்கெல்லாம் இங்கே இருப்பார்.

"சாப்பிடறதில்லை சார். தண்ணிகூடக் குடிக்கறதில்லை. குடிச்சா ஒதுங்க எங்கே போறது?" என்றார்.

கழிப்பறை பகலில் திறந்திருக்கும். ராத்திரியில் பூட்டு. திறந்திருந்தாலும் வெளிச்சம் கிடையாது. ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் இரவு பத்து மணியில் இருந்து காலை வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். சிறுநீரில் எரிச்சல், காய்ச்சல் என்று தர்ம ஆஸ்பத்திரிக்கு அலையாதவர்கள் எங்களில் இல்லை என்று அந்த அம்மா சொன்னார். அந்த ஆஸ்பத்திரியோ மார்க்கெட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது! மருந்து கொடுக்க ஆள் இருக்கிறது, பூட்டைத் திறக்க ஆள் இல்லை.

மார்க்கெட்டைப் புதுப்பிக்கிறோம் என்று அவ்வப்போது பூச்சு வேலை நடக்கிறது. நடைபாதைக் கடைகளைக் காலி செய்ய அவ்வப்போது வண்டி வருகிறது. தெரு வியாபாரிகளுக்கு என்று 2014-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அவர்களைக் கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, இடம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த அம்மாவிடம் அட்டை இருக்கிறது. பிளாஸ்டிக் உறை போட்டு முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். எந்த அதிகாரி வந்தாலும் முதலில் அதை எடுத்துக் காட்டுகிறார். கொரோனா காலத்தில் 2020-ல் மார்க்கெட் பல மாதம் மூடிக் கிடந்தபோதும் அந்த அட்டை அவர் முந்தானையில்தான் இருந்ததாம்.

கலாசிபாளையம் போகும் சந்து ஓட்டலைப் பற்றி அவரிடம் சொன்னேன். "தெரியும் சார், வாசனை இங்கே வரைக்கும் வருது" என்றார். பிறகு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மண்டிக்காரரிடம் மறுபடி விலை கேட்கப் போய்விட்டார்.

போகிறவர்களுக்கு

இரவு மார்க்கெட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் இரண்டு மணிக்கு மேல் ஐந்து மணிக்குள் போக வேண்டும். மெட்ரோ ரெயில் நிலையம் 2017-ல் மார்க்கெட் வாசலிலேயே வந்துவிட்டது. ஆனால் முதல் ரெயில் வருவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். மெஜஸ்டிக்கில் இருந்து நடப்பதுதான் வழி. இரண்டு, மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். செல்போனையும் பர்சையும் முன் பையில் வையுங்கள். நல்ல செருப்புப் போட வேண்டாம். தரையெல்லாம் பூச்சேறு, வழுக்கும். சுமைக்காரர் "சைடு, சைடு" என்று கத்திக்கொண்டு வந்தால் யோசிக்காமல் ஒதுங்குங்கள். நூறு கிலோ பாரத்தோடு வருகிறவரால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது.

ஐந்தரை மணிக்கு மேல் மாடியில் ஏறி நின்று கீழே எட்டிப் பார்த்தால் மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளம் விரித்தது போல் இருக்கும். வெள்ளைக்காரர்கள் கேமராவோடு அங்கேதான் நிற்பார்கள். பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். ஆறு மணி அடித்தால் பென்னாகரத்துக்காரர் களி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிடுவார். அதன் பிறகு எவ்வளவு கேட்டாலும் முத்தே கிடைக்காது.